நெட் போனாலும் மில்லு ஓடணும்: எட்ஜும் கிளவுடும் வேலையைப் பிரிச்சுக்கிறது எப்படி

டோல்கேட்ல வண்டி நிக்குது, மேல இருக்கிற ரீடர் கண்ணாடில ஒட்டின ஃபாஸ்டேகைப் படிக்குது, கட்டை தூக்குது, நாம கிளம்பிடுறோம். கொஞ்ச தூரம் போனப்புறம் தான் இவ்ளோ ரூபா எடுத்தாச்சுன்னு பேங்க்ல இருந்து மெசேஜ் வருது, சில நாள் ரொம்ப நேரம் கழிச்சு கூட வரும். அப்போ கட்டை தூக்கினப்போ காசு போகலயான்னு கேட்டா, பெரும்பாலும் போகல தான்.

ஃபாஸ்டேக் வந்ததுல இருந்து பல டோல்ல ஓடிட்டிருந்த முறை இது தான், பிளாசாவுலயே ஒரு லிஸ்ட் இருக்கும். எந்த டேக் பிளாக்லிஸ்ட், எதுல பேலன்ஸ் பத்தலன்னு சொல்ற லிஸ்ட். அது என்பிசிஐ, அதாவது பேங்குகளுக்கு நடுவுல பணக் கணக்கை நடத்துற அமைப்பு, அது பக்கத்துல இருந்து பேங்க் வழியா அப்பப்போ பிளாசாவுக்கு இறங்கும். வண்டி வந்ததும் லேன்ல இருக்கிற சிஸ்டம் அந்த லோக்கல் லிஸ்ட்டைப் பாக்குது, டேக் நம்பர் அதுல இல்லன்னா வழி விடுது. அதுக்கப்புறம் டோலோட பேங்க், என்பிசிஐ, நம்ம பேங்க்னு அந்தக் கணக்கு நிதானமா பயணம் போய் காசு கழியுது. ஒவ்வொரு வண்டிக்கும் பேங்க் சரி சொல்ற வரைக்கும் நிக்க வச்சிருந்தா, 2021 பிப்ரவரில ஃபாஸ்டேகைக் கட்டாயமாக்கினதுக்கு அர்த்தமே இருந்திருக்காது, கியூ இன்னும் நீளமாயிருக்கும்.

இதுக்கு ஒரு விலையும் உண்டு. டோலுக்கு முன்னாடி ஓரங்கட்டி அவசரமா ரீசார்ஜ் பண்ணிட்டு உள்ள போனா "பேலன்ஸ் இல்ல"ன்னே காட்டி சண்டை வந்ததைப் பாத்திருப்பீங்க. பேங்க்ல காசு ஏறியிருக்கும், ஆனா பிளாசாவுல இருந்த லிஸ்ட் பழசா இருந்திருக்கும். பக்கத்துலயே முடிவு எடுத்தா வேகம் கிடைக்கும், ஆனா கையில இருக்கிற தகவல் கொஞ்சம் பழசா இருக்கலாம். வேலை நடக்கிற இடத்துக்குப் பக்கத்துலயே கணக்கு போட்டா எட்ஜ் கம்ப்யூட்டிங், தூரத்து டேட்டா சென்டருக்கு அனுப்பிப் போட்டா கிளவுடுன்னு பெரிய பெரிய பேரெல்லாம் வச்சு பேசுறதோட முக்கால்வாசி சாரம் இந்த டோல்கேட்லயே இருக்கு. எந்த முடிவை அங்கேயே எடுக்கணும், எதைத் தள்ளிப் போடலாம், தள்ளிப் போட்டா யாருக்கு என்ன நஷ்டம், இதைத் தான் உக்காந்து யோசிக்கணும். கம்பெனிகளை டிஜிட்டலா மாத்துறோம்னு கிளம்புற நிறைய பேர் இந்தக் கேள்வியைக் கேக்காமலே எல்லாத்தையும் தூக்கி கிளவுடுல போட்டுடுறாங்க, அதனால தான் இதை இவ்ளோ நீளமா எழுதுறேன்.

முதல்ல தூரம். அமேசானோட மும்பை டேட்டா சென்டர் ரீஜன் 2016-ல வந்துச்சு, ஹைதராபாத் 2022-ல. மைக்ரோசாஃப்ட் 2015-லயே சென்னை, புனே, மும்பைன்னு மூணு இடத்துல ஆரம்பிச்சிருச்சு. அதனால கிளவுடுனா எங்கயோ அமெரிக்கால இருக்குன்னு இப்போ சொல்ல முடியாது. ஆனாலும் கோயம்புத்தூர்ல இருந்து மும்பை நேர்கோட்டுல கிட்டத்தட்ட 1,000 கிலோமீட்டர். ஃபைபர்ல வெளிச்சம் செகண்டுக்கு சுமாரா 2 லட்சம் கிலோமீட்டர் போகும், அப்போ போக 5 மில்லிசெகண்ட், வர 5, ஆக 10. இது இயற்கை போட்ட கோடு, எவ்ளோ காசு கொட்டினாலும் இதுக்குக் கீழ இறங்காது. நிஜத்துல கேபிள் நேரா போறதில்ல, நடுவுல ரவுட்டர் நிறைய, அதனால 30, 40 மில்லிசெகண்ட் ஆகிடும். மெயில் அனுப்ப, பில் போட, ரிப்போர்ட் பாக்க இதெல்லாம் ஒரு விஷயமே இல்ல. மெஷினுக்கு அப்படி இல்ல.

எனக்குத் தெரிஞ்ச உலகம் ஸ்பின்னிங் மில்லு, அதனால அதையே எடுத்துக்கிறேன், இந்தியாவுலயே அதிகமா ஸ்பின்னிங் மில் இருக்கிறதும் தமிழ்நாட்டுல தானே. ரிங் ஃபிரேம்ல நூத்த நூல் ஆட்டோகோனருக்கு வந்து பெரிய கோனா சுத்தும். அங்க ஒவ்வொரு டிரம்லயும் யார்ன் கிளியரர்னு ஒரு சின்ன சென்சார் இருக்கும், நூல் அதுக்குள்ள தான் ஓடும். எங்கயாவது தடிமனா, ஒல்லியா, வேற கலர் நார் கலந்து வந்தா உடனே வெட்டிடும், மெஷினே ரெண்டு முனையையும் ஒட்டி மறுபடி ஓட்டும். நூல் ஓடுற வேகம் நிமிஷத்துக்கு 1,200 மீட்டர்னு வச்சுக்கோங்க, செகண்டுக்கு 20 மீட்டர் ஆச்சு. இந்த வெட்டு முடிவை மும்பைல கேட்டுட்டு வர 40 மில்லிசெகண்ட் ஆனா, அதுக்குள்ள 80 சென்டிமீட்டர் நூல் ஓடிப் போயிருக்கும், குறை இருக்கிறதே சில சென்டிமீட்டர் தான், அது கோனுக்குள்ள போய் உக்காந்துட்டிருக்கும். நெட் ஒரு செகண்ட் தடுமாறினா 20 மீட்டர். அப்புறம் அந்த நூல்ல துணி நெய்தா கோடு விழுந்து பார்ட்டி திருப்பி அனுப்புவான்.

யோசிச்சுப் பாத்தா நம்ம மில்லுல எட்ஜ் கம்ப்யூட்டிங் அந்தப் பேரு வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே இருந்திருக்கு. பஞ்சைப் பிரிச்சு சுத்தம் பண்ற ப்ளோ ரூம்ல, பஞ்சுக்குள்ள இருக்கிற பிளாஸ்டிக் சாக்கு நார், தலைமுடி, கலர் துணித் துண்டை கேமரா வச்சு பாத்து காத்தடிச்சு வெளிய தள்ற மெஷினும் இதே தான், பஞ்சு குழாய்ல பறந்துட்டிருக்கும்போதே முடிவு எடுத்தாகணும். அப்போ புதுசா என்ன வந்துச்சுன்னா, இந்த மெஷினெல்லாம் தனித்தனித் தீவா இருந்துச்சு, அது வெட்டினது, தள்ளினது, நின்னது எதுவும் மெஷின் ஸ்கிரீனைத் தாண்டி வெளிய வராது. சூப்பர்வைசர் ஷிஃப்ட் முடியும்போது நோட்டுல எழுதிக்குவார், அந்த நோட்டு ஆபீஸுக்குப் போகும், அங்க ஒருத்தர் எக்செல்ல அடிப்பார், முதலாளி பாக்கிறப்போ ரெண்டு நாள் ஆயிருக்கும். டிஜிட்டல் மாற்றம்னு மில்லுக்காரங்க உண்மையிலேயே கேட்டது இந்த ரெண்டு நாளை ரெண்டு நிமிஷமாக்கித் தாங்கன்னு தான்.

சில வருஷம் முன்னாடி பல்லடம் பக்கம் ஒரு மில்லுக்கு நாங்க அப்படி ஒண்ணு செஞ்சு குடுத்தோம். ரிங் ஃபிரேம் ஒவ்வொண்ணுல இருந்தும் உற்பத்தி, நிறுத்தம், நூல் அறுந்த எண்ணிக்கை எல்லாம் எடுத்து நேரா கிளவுடுக்கு அனுப்பிடும், அங்க கணக்கு போட்டு ஆளாளுக்கு மொபைல்ல காட்டும். மில்லுக்குள்ள சுவத்துல மாட்டின டிவில வர்றதும் கிளவுடுல இருந்து திரும்பி வர்றது தான், அதாவது 20 அடி தள்ளி இருக்கிற மெஷினோட கணக்கு 1,000 கிலோமீட்டர் போய்ட்டு டிவிக்கு வரும். ஓடுற வரைக்கும் நல்லா ஓடுச்சு, முதலாளிக்கு ரொம்ப சந்தோஷம். ஒரு நாள் ரோட்டுல குடிநீர்க் குழாய்க்கு ஜேசிபி தோண்டி ஃபைபர் கட்டாகிடுச்சு. காலைல போன நெட் சாயந்திரம் வரைக்கும் வரல. டிவி எல்லாம் வெறுமையா இருக்கு, மெஷினெல்லாம் ஜோரா ஓடிட்டிருக்கு, ஆனா அந்த ஷிஃப்ட்டோட கணக்கு எங்கயும் இல்ல, ஏன்னா அனுப்புற பெட்டி சேத்து வைக்கிற மாதிரி நாங்க செய்யல, அனுப்பும், போகலன்னா விட்டுடும். அங்க இருந்த சீனியர் சூப்பர்வைசர் என்கிட்ட கேட்டது இன்னும் காதுல இருக்கு. "ஏனுங்க தம்பி, மில்லு ஓடுனது நெட்டுக்குத் தெரிஞ்சாத்தானுங்களா கணக்கு?" அடுத்த நாள்ல இருந்து அவர் மறுபடி நோட்டு எடுத்துட்டார், டிவி பக்கம் திரும்பவே இல்ல. தப்பு முழுக்க எங்க டிசைன்ல தான், அவர் கேட்டது நூத்துக்கு நூறு நியாயம்.

அதுக்கப்புறம் மாத்தி அமைச்சோம். எலெக்ட்ரிகல் பேனல் ரூம்ல ஃபேன் இல்லாத ஒரு சின்ன இண்டஸ்ட்ரியல் கம்ப்யூட்டர், மெஷினை ஓட்டுற பிஎல்சிங்கிற கண்ட்ரோலர்ல இருந்து, மெஷினுங்க பேசிக்கிற மோட்பஸ்ங்கிற முறைல தகவல் எடுக்கும், அதுலயே ஒரு டேட்டாபேஸ், சுவத்து டிவிக்கு வர்றது அதுல இருந்து தான். ஷிஃப்ட் கணக்கு அங்கேயே முடியும், நூல் அறுவது ஒரு அளவைத் தாண்டினா அந்த ஃபிரேம் பாக்கிற சைடருக்கு விளக்கு அங்கேயே எரியும். கிளவுடுக்குப் போறது ஒரு வரிசைல சேந்துட்டே இருக்கும், நெட் இருந்தா உடனே போகும், இல்லன்னா வந்தப்புறம் பழசுல இருந்து ஆரம்பிச்சு வரிசையா போகும்.

இதைக் கேட்டா, அப்போ கிளவுட் எதுக்கு, அந்தப் பெட்டியே போதுமேன்னு தோணும். அந்த மில்லு முதலாளியே அப்படித் தான் கேட்டார், மாசாமாசம் கிளவுடுக்குக் கட்டுறதை நிறுத்திடலாமான்னு. ஆனா அவருக்கு மூணு யூனிட் இருக்கு, ஒவ்வொரு பெட்டிக்கும் அதோட யூனிட் மட்டும் தான் தெரியும், அதுலயும் சமீபத்துல நடந்தது மட்டும். மூணு யூனிட் தகவலும் பல மாசத்துக்குச் சேந்து ஒரே இடத்துல இருந்தப்போ தான், எந்த பஞ்சு லாட் எந்த மிக்ஸிங்ல போனப்போ நூல் அதிகமா அறுந்துச்சு, ஒரு கிலோ நூலுக்கு எவ்ளோ யூனிட் கரண்ட் ஆச்சு, இதையெல்லாம் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்க முடிஞ்சுது. ஒரு யூனிட்ல மட்டும் மத்தியான நேரத்துல ஒரு ஓரத்து ஃபிரேம்கள்ல நூல் அறுறது ஏறுதுன்னு அப்படித் தான் தெரிஞ்சுது. அந்த மூலைக்கு ஹியூமிடிட்டி பிளான்ட் காத்து சரியா போகல, வெயில் ஏறினா ஈரப்பதம் இறங்கிடும், பஞ்சு நார் காஞ்சா அறும். மில்லுக்காரங்களுக்கு ஈரப்பதம் புதுசில்ல, ஆனா எந்த மூலை, எந்த நேரம்னு கையில பிடிச்சுக் காட்டினது அந்தச் சேத்து வச்ச தகவல் தான். அப்புறம் அந்தக் கண்டுபிடிப்பை ஒரு சின்ன விதியா எழுதி, அந்த மூலைல ஈரப்பதம் இவ்ளோக்குக் கீழ போனா பிளான்ட் ஆபரேட்டருக்கு அலாரம் அடின்னு, மூணு பெட்டிக்கும் கிளவுடுல இருந்து இறக்கினோம். இந்தச் சுத்து தான் முக்கியம். கீழ இருந்து தகவல் மேல போகும், மேல நிதானமா படிச்சு ஒரு அறிவு வரும், அது மறுபடி கீழ இறங்கி வேகமா வேலை செய்யும். கேமரா வச்சு குறை கண்டுபிடிக்கிற ஏஐ மாடலுக்கும் இதே வழி தான், பயிற்சி குடுக்க ஜிபியுங்கிற பெரிய கணக்குச் சில்லு எல்லாம் வேணும், அது கிளவுடுல நடக்கும், பயிற்சி முடிஞ்ச மாடல் சின்னதாகி மெஷின் பக்கத்துல வந்து உக்காரும்.

இந்த யோசனை எங்க இருந்து வந்துச்சுன்னு பாத்தா ரெண்டு ஊத்து இருக்கு. ஒண்ணு 1998-ல ஆரம்பிச்ச ஆகமாய் கம்பெனி, வெப்சைட்டோட படம், பக்கமெல்லாம் பயனருக்குக் கிட்ட இருக்கிற சர்வர்ல காப்பி வச்சுக் குடுக்கிறது. இன்னொண்ணு மகாதேவ் சத்யநாராயணன், ஐஐடி மெட்ராஸ்ல படிச்சுட்டு கார்னகி மெலன் போனவர், 2009-ல அவரும் கூட மூணு பேரும் சேந்து கிளவுட்லெட்னு ஒரு யோசனையை எழுதினாங்க. மொபைல்ல சக்தி பத்தாது, கிளவுட் ரொம்ப தூரம், அதனால நடுவுல, வைஃபைக்கு எட்டுற தூரத்துல ஒரு குட்டி டேட்டா சென்டர் இருக்கணும்ங்கிறது. எட்ஜ் கம்ப்யூட்டிங் பத்தி எங்க படிச்சாலும் அந்தக் கட்டுரையைத் தொடாம போக மாட்டாங்க. 2012-ல சிஸ்கோகாரங்க இதையே ஃபாக், அதாவது பனிமூட்டம்னு பேர் வச்சாங்க, மேகம் தரைக்கு இறங்கினா பனிமூட்டம் தானே, பேரு அழகா இருந்துச்சு, ஆனா எட்ஜ்ங்கிறது தான் நிலைச்சுது.

வேகத்தை விட அளவு தான் பல கம்பெனிகளுக்குப் பெரிய பிரச்சினை. சாதாரண ஃபுல் எச்டி கேமரா ஒண்ணு, நல்லா சுருக்கி அனுப்பினாலும் செகண்டுக்கு 4 மெகாபிட்னு வைங்க, ஒரு நாளைக்கு 43 ஜிபி ஆகிடும். 50 கேமரா இருந்தா 2 டெராபைட்டுக்கு மேல, ஒரு நாளைக்கு. இதுல 99 பங்கு காலியான வராண்டா தான். மோட்டார் பேரிங்ல அதிர்வு பாக்கிற சென்சார் செகண்டுக்கு 25,600 தடவை அளக்குது, ஒவ்வொரு அளவுக்கும் 2 பைட்னா நாளைக்கு 4.4 ஜிபி, ஒரே ஒரு சென்சாருக்கு! இதை அப்படியே மேல அனுப்புறது வீண். பக்கத்துலயே கணக்கு போட்டு எந்த அலைவரிசைல ஆட்டம் ஜாஸ்தின்னு நிமிஷத்துக்கு நாலஞ்சு எண் அனுப்பினா போதும், சந்தேகம் வந்தா மட்டும் அந்த நேரத்து முழு பதிவையும் அனுப்பலாம். கிளவுடுல பொதுவா தகவலை உள்ள அனுப்ப காசு கேக்க மாட்டாங்க, வெளிய எடுக்கும்போது தான் கேப்பாங்க, அதனால முதல் சில மாசம் பில் சின்னதா தெரியும், சேமிப்பு சேரச் சேர, ரிப்போர்ட் எடுக்க எடுக்க ஏறும். முதல்லயே எதை அனுப்புறது, எதைக் கீழயே அழிக்கிறதுன்னு முடிவு பண்ணாதவங்க இதுல மாட்டிக்கிறாங்க.

வெளிநாட்டு உதாரணம் ஒண்ணு சொல்லணும்னா எனக்கு ரொம்பப் பிடிச்சது அமெரிக்கால இருக்கிற சிக்-ஃபில்-ஏங்கிற சிக்கன் கடை சங்கிலி. 2018-லயே அவங்க இன்ஜினியருங்க வெளிப்படையா எழுதினாங்க, ஒவ்வொரு கடையிலயும் உள்ளங்கை அளவு இன்டெல் கம்ப்யூட்டர் மூணு, மூணும் சேந்து ஒரு குபர்னெட்டிஸ் கிளஸ்டர், அதாவது பல கம்ப்யூட்டரை ஒண்ணு மாதிரி ஓட்டுற ஏற்பாடு, அப்போ அவங்களுக்கு 2,000 கடை அளவுக்கு இருந்துச்சு. ஏன் மூணுன்னா ஒண்ணு செத்தா மத்த ரெண்டு தாங்கும். மத்தியானம் கூட்டம் நெரியும்போது அடுத்த சில நிமிஷத்துல எவ்ளோ ஃப்ரைஸ் தேவைப்படும்னு கணிச்சு கிச்சனுக்குச் சொல்ற மாதிரியான வேலைக்கு அதை வச்சிருக்காங்க, அந்த நேரத்துல நெட் போனா கிச்சன் முழிக்கக் கூடாது. கடைல ஐடி ஆள் யாரும் கிடையாது, அதனால பெட்டி கெட்டா வேற ஒண்ணு பார்சல்ல வரும், கடைக்காரர் பிளக்கை மாட்டினா போதும், மீதி தானா நடக்கும். ஒவ்வொரு கடைக்கும் என்ன ஓடணும்ங்கிறது மேல தனித்தனி கிட் ரெப்போவுல, அதாவது மாத்தத்தையெல்லாம் பதிஞ்சு வைக்கிற ஃபைல் கிடங்குல இருக்கும், கடைப் பெட்டி தானே வந்து பாத்து புதுசு இருந்தா எடுத்துக்கும். மேல இருந்து தள்றதில்ல, கீழ இருந்து இழுக்கிறது. 2,000 இடத்துல எப்போ எந்தப் பெட்டி நெட்ல இருக்கும்னு மேல இருக்கிறவனுக்குத் தெரியாது, பெட்டிக்குத் தான் தெரியும், அதனால இது தான் சரியான வழி. நாங்களும் இதைப் பாத்துத் தான் கத்துக்கிட்டோம்.

எதிர் உதாரணமும் இருக்கு. 2021 டிசம்பர் 7, அமேசானோட வடக்கு வர்ஜீனியா ரீஜன் பல மணி நேரம் படுத்துடுச்சு. வீட்டைக் கூட்டுற ரோபோ வேக்கம் ஆப்ல சொன்னா கேக்கல, வாசல் கேமரா வேலை செய்யல, அமேசான் டெலிவரி ஆளுங்களுக்கே வழி காட்ற ஆப் நின்னு போச்சு. வீட்டுக்குள்ள இருக்கிற வேக்கம், வீட்டுக்குள்ள இருக்கிற மொபைல் சொல்றதைக் கேக்க வர்ஜீனியா எதுக்கு?

அதுக்காக எட்ஜ் போட்டா எல்லாம் சரியாகிடும்னு நினைக்க வேண்டாம், இங்க தான் வெண்டருங்க வாயைத் திறக்க மாட்டாங்க. மில்லுக்குள்ள பஞ்சுத் தூசி காத்துலயே மிதக்கும், ஃபேன் வச்ச கம்ப்யூட்டரை வச்சா சில வாரத்துலயே அடைச்சு சூடாகி நிக்கும். கரண்ட் படக்குனு போய் வந்தா மெமரி கார்டு கெட்டுப் போகும். இதை விட சத்தமில்லாம வர்றது நேரப் பிரச்சினை. ராஸ்பெரி பை 4 மாதிரி குட்டி கம்ப்யூட்டர் போர்டுல நேரத்தை ஞாபகம் வச்சுக்கிற கடிகார சில்லு கிடையாது, நெட்ல கேட்டுத் தான் மணி தெரிஞ்சுக்கும். கரண்ட் வந்துடுச்சு, நெட் இன்னும் வரல, பெட்டி பழைய நேரத்தை நினைச்சுக்கிட்டு பதிய ஆரம்பிச்சிடும், நைட் ஷிஃப்ட் உற்பத்தி பகல் ஷிஃப்ட் கணக்குல ஏறிடும், ரெண்டு ஷிஃப்ட் ஆளுங்களுக்கும் இன்சென்டிவ் தகராறு. பேட்டரி வச்ச கடிகாரம் சில நூறு ரூபா தான், போட்டே ஆகணும்.

இன்னொண்ணு ரெட்டைப் பதிவு. பெட்டி அனுப்பிடுச்சு, கிளவுட் வாங்கிடுச்சு, வாங்கிட்டேன்னு சொல்ற பதில் வர்றதுக்குள்ள நெட் கட், பெட்டி போகலன்னு நினைச்சு மறுபடி அனுப்பும், ஒரே டாஃப், அதாவது ஃபிரேம்ல இருந்து ஒரு தடவை கழட்டின நூல், ரெண்டு தடவை கணக்காகும். ஒவ்வொரு பதிவுக்கும் கீழயே ஒரு தனி எண் குடுத்து, மேல அதே எண் ரெண்டாவது தடவை வந்தா விட்டுடணும். கேக்க சின்ன விஷயம், ஆனா இதைச் செய்யாத சிஸ்டம் எவ்ளோன்னு பாத்தா வயிறு எரியுது, ஏன்னா ஒரு தடவை கணக்கு தப்பாச்சுன்னா மெஷின்கிட்ட வேலை செய்றவங்க அப்புறம் எந்த எண்ணையும் நம்ப மாட்டாங்க.

பாதுகாப்பு இதெல்லாத்தையும் விட பெருசு. கிளவுடுல ஒரு பெரிய கோட்டைக்குக் காவல், எட்ஜ்ல நூறு குடிசைக்குக் காவல். 2016-ல மிராய்னு ஒரு மால்வேர், கம்பெனி வச்ச பாஸ்வேர்டை மாத்தாம விட்ட கேமரா, டிவிஆர் எல்லாத்தையும் பிடிச்சு ஒரு படையாக்கி, அக்டோபர் 21 அன்னிக்கு டைன் (Dyn)ங்கிற டிஎன்எஸ் கம்பெனியை, அதாவது வெப்சைட் பேரை வச்சு அதோட சர்வர் முகவரியைச் சொல்ற கம்பெனியை அடிச்சுது, ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் அமெரிக்கால தடுமாறுச்சு. அதனால பெட்டி வைக்கும்போதே பாஸ்வேர்டை மாத்துறது, மெஷின் நெட்வொர்க்கை ஆபீஸ் வைஃபைல இருந்து பிரிக்கிறது, அப்டேட் தானா இறங்குற ஏற்பாடு, இந்த மூணும் இல்லாம ஒரு எட்ஜ் பெட்டி கூட வைக்காதீங்க. 5ஜி வந்தா இதெல்லாம் தேவையில்லன்னு சிலர் சொல்றாங்க, டவர் வரைக்கும் போற நேரம் குறையும், உண்மை தான், டவர்ல இருந்து மும்பைக்கு அதே 1,000 கிலோமீட்டர்.

சின்ன யூனிட் வச்சிருக்கிறவங்க எங்க ஆரம்பிக்கிறதுன்னு கேப்பாங்க. பெட்டி, சாஃப்ட்வேர் எதுவும் வாங்குறதுக்கு முன்னாடி, ஷிஃப்ட் நடக்கும்போது ரவுட்டரோட பிளக்கைப் பிடுங்கிட்டு ரெண்டு மணி நேரம் சும்மா பாருங்க. எது நிக்குது, யாரு கத்துறாங்க, எது யாருக்குமே தெரியாம நடந்துட்டே இருக்கு, எல்லாத்தையும் எழுதுங்க. நின்னதெல்லாம் கீழ வர வேண்டியது. யாரும் கவனிக்காதது கிளவுடுலயே இருக்கலாம். பில்லிங், டேலி, சம்பளம், பையருக்குப் போற ரிப்போர்ட் இதெல்லாம் கிளவுடுல நிம்மதியா இருக்கும், அதுக்குப் போய் கீழ ஒரு சர்வர் வாங்கிப் போட்டு காபந்து பண்ணிட்டிருக்க வேண்டாம்.

பல்லடம் மில்லுல இப்போ பேனல் ரூம் கதவுல லேமினேட் பண்ணின ஒரு சீட்டு ஒட்டியிருக்கு, அங்க இருக்கிற எலெக்ட்ரீஷியனே தமிழ்ல எழுதினது. பச்சை விளக்குன்னா எல்லாம் சரி, ஆரஞ்சுன்னா நெட் இல்ல ஆனா கணக்கு சேந்துட்டிருக்கு, சிவப்புன்னா மட்டும் போன் பண்ணவும். போன மழைக்கு ரெண்டு நாள் ஆரஞ்சுலயே இருந்திருக்கு. எங்களுக்கு ஒரு போன் கூட வரல, மூணாவது நாள் நெட் வந்ததும் தகவலெல்லாம் மேல ஏறுறதைப் பாத்துத் தான் எங்களுக்கே விஷயம் தெரிஞ்சுது.